கம்பளிக்கு வெளியே ஒரு கை

திருச்சியில் மார்கழி வந்தால் மின்விசிறியை ஐந்திலிருந்து இரண்டுக்குக் குறைப்போம். எங்கள் குளிர்காலம் அவ்வளவுதான். வெளியே பனி கொட்ட, கம்பளிக்குள் சுருண்டுகொண்டு கதை படிக்கிற சுகத்தை ஐம்பது வயதுவரை நானும் கதைகளில் படித்ததோடு சரி. அதை ஒருமுறையாவது அனுபவித்துவிட வேண்டும் என்றுதான் 2019 டிசம்பரில் அக்காவும் நானும் கோத்தகிரிக்குக் கிளம்பினோம். நாலு ராத்திரி. ஊர் சுற்றுவதில்லை, படகுச் சவாரி இல்லை, படிப்பது மட்டும்தான் என்று பேச்சு. ஊட்டியை விட்டுவிட்டுக் கோத்தகிரியைப் பிடித்ததும் அதற்காகத்தான். ஊட்டி 7,000 அடிக்கு மேல். டிசம்பர் கடைசியில் அங்கே புல்தரை உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், அதைப் பார்க்கவே கூட்டம் அலைமோதும். கோத்தகிரி சுமார் 6,000 அடி. குளிர் உண்டு, பல் கிட்டிக்கிற குளிர் இல்லை. கூட்டமும் குறைவு. தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது.

ஒன்பது புத்தகங்கள் எடுத்துப்போனோம். திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் நான் படித்தது மொத்தம் 210 பக்கம். அக்கா அதுகூட இல்லை. "நம்ம வீட்டுல ஃபேனுக்கடியில உக்காந்திருந்தா இதைவிட ஜாஸ்தி படிச்சிருப்போம்டி" என்றாள். உண்மைதான். அதற்குப் பிறகு இரண்டு முறை போய்வந்துவிட்டோம், அந்த இரண்டு முறையும் நன்றாகப் படித்தோம். முதல் முறை என்ன தப்புச் செய்தோம், பிறகு எதை மாற்றினோம் என்று கேட்கும் தோழிகளுக்கு ஒவ்வொரு முறையும் போனில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதல் தப்பு, தலைப்பைப் பார்த்து எடுத்தது. குளிருக்குப் போகிறோமே, பனி பற்றிய புத்தகமாக இருக்கட்டும் என்று கடையில் தேடினேன். 'எரியும் பனிக்காடு' கண்ணில் பட்டது. பனி இருக்கிறது, காடு இருக்கிறது, எரிகிறது என்றால் கணப்பு மாதிரி ஏதோ என்று என் மண்டைக்குள் ஓடியிருக்க வேண்டும். பின்னட்டையைக்கூடப் படிக்கவில்லை. 'பரதேசி' படத்தைப் பார்த்து அழுதவள் நான், அதற்கு அடிப்படையான நாவல் இதுதான் என்று தெரியாமலே வாங்கினேன். பி. எச். டேனியல் என்ற மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்த நாவல், இரா. முருகவேள் தமிழில் தந்தது. பஞ்சம் பிழைக்கத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப்போகப்பட்டவர்கள் காய்ச்சலிலும் கடனிலும் மடிந்த கதை.

முதல் நாள் காலை, கையில் சூடான டீ, ஜன்னலுக்கு வெளியே சரிவு முழுக்கப் பச்சை. அந்த இடத்தில் உட்கார்ந்து இந்தப் புத்தகத்தைத் திறந்தேன். எண்பதாவது பக்கத்தில் டீயை வைத்துவிட்டேன். கீழே சரிவில் முக்காடு போட்டுக்கொண்டு நாலைந்து பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அந்த ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப்போடவே மனம் வரவில்லை. எட்டிப் பார்த்த அக்கா, "நீ என்ன லீவுக்கு வந்தியா, துஷ்டி கேக்க வந்தியா?" என்றாள்.

அந்த நாவலைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிறகு வீட்டில் வைத்து முழுக்கப் படித்தேன், இரண்டு பேருக்கு வாங்கியும் கொடுத்தேன். தேயிலை மலைக்குப் போகிற எல்லோரும் அதைப் படித்துவிட்டுப் போகவேண்டும் என்பது என் கட்சி. போவதற்கு முன்னால், ஊரில் வைத்துப் படிக்கவேண்டும். அங்கே போய்த் திறந்தால் அந்த நாலு நாளும் அந்தப் புத்தகத்துக்கே போய்விடும், வேறெதையும் தொட முடியாது.

தலைப்பால் ஏமாந்த இன்னொன்று 'வெண்ணிற இரவுகள்'. தஸ்தயேவ்ஸ்கி, ரஷ்யா, வெண்மை. பனி கொட்டுகிற ராத்திரி என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, பீட்டர்ஸ்பர்கில் கோடையில் சூரியன் சரியாக மறையாமல் ராத்திரியும் வெளிச்சமாகவே இருக்குமாம், அதுதான் வெண்ணிற இரவு. பனியும் இல்லை, குளிரும் இல்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், நான் கொண்டுபோன ஒன்பதில் முழுசாக முடித்தது அது ஒன்றைத்தான். அந்தக் குறுநாவல் நான்கு இரவுகளும் ஒரு காலையுமாகப் பிரிந்திருக்கிறது. எங்களுக்கும் நாலு ராத்திரி, ஐந்தாம் நாள் காலையில் பஸ். ராத்திரிக்கு ஒரு இரவு என்று தானாக அமைந்துவிட்டது. கடைசிப் பகுதியைப் பையெல்லாம் கட்டி வைத்துவிட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். இத்தனைக்கும் அது காதல் கைகூடுகிற கதையும் இல்லை. ஆனால் ஒருவன் நம் பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிற மாதிரி இருக்கும். அது ஏன் இதமாக இருந்தது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

மீதி ஏழு புத்தகங்களில் ஐந்து 'பொன்னியின் செல்வன்'. அது அக்காவின் ஆசை. பள்ளிக்கூட நாளில் படித்ததை மறுபடி ஒரே மூச்சில் படிக்கவேண்டுமாம். ஐந்து பாகத்தையும் பையில் வைத்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறும்போது அதைத் தூக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை வருஷம் வாரா வாரம் 'கல்கி'யில் வந்த கதை அது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம்வரை நம்மைத் தவிக்க வைப்பதற்காகவே கொக்கி போட்டு முடியும். அதை நாலு நாளில் விழுங்கப்பார்த்தால் திக்குமுக்காடிப்போவோம். அக்கா முதல் பாகத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. நானும் அவள் வைத்துவிட்டுப் போன நேரத்தில் ஒரு முப்பது பக்கம் புரட்டினேன், அவ்வளவுதான்.

கடைசி இரண்டும் நான் மூன்று வருஷமாக "அடுத்தது நீதான்" என்று சொல்லிச் சொல்லி அலமாரியில் வைத்திருந்தவை. பெயர் வேண்டாம். படிக்கவேண்டிய புத்தகங்கள், எல்லோரும் படித்துவிட்ட புத்தகங்கள். வீட்டில் நேரமில்லை, அங்கே போய்ப் படிக்கலாம் என்று எடுத்துவந்தேன். நேரம் இல்லாதது காரணமே இல்லை, அவற்றைப் படிக்க எனக்கு ஆசை இல்லை என்பது கோத்தகிரியில்தான் தெரிந்தது. வேறு வேலையே இல்லாத ஊரில், கையெட்டும் தூரத்தில் இருந்த அந்த இரண்டையும் விட்டுவிட்டு, வர்க்கி என்ற அந்த ஊர் மொறுமொறுப் பலகாரம் சுற்றிவந்த செய்தித்தாளை நான் எழுத்துவிடாமல் படித்தேன்.

புத்தகத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் வேறு விஷயம். மலையில் மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்குமேல் வெளியே காலாற நடக்கவும் முடியாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆறு மணிக்கு மேல கேட்டுக்கு வெளிய போவாதீங்கம்மா. காட்டெருமை வரும், கரடியும் வரும்." அதாவது தூங்கும்வரை நாலு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். நாங்கள் எந்த நேரத்துக்காகப் போனோமோ அதுதான் அது. ஆனால் அறையில் இருந்தது மங்கலான ஒரே ஒரு மஞ்சள் பல்பு. அழகாக இருந்தது, அந்த வெளிச்சத்தில் போட்டோ நன்றாக வரும். எழுத்துதான் தெரியவில்லை. அக்கா போன் டார்ச்சைப் பிடிக்க நான் படிக்க, நான் பிடிக்க அவள் படிக்க என்று ஒரு ராத்திரி ஓட்டினோம்.

இரண்டாம் முறை போகும்போது வீட்டிலிருந்து 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். "ஓட்டலுக்கு பல்பு கொண்டுபோற ஜன்மத்தை இப்பத்தான் பாக்குறேன்" என்று அக்கா சிரித்தாள். போய்ச் சேர்ந்து ஐந்தாவது நிமிஷம் அதை மாட்டிவிட்டேன். புறப்படும்போது மறக்காமல் பழைய பல்பைத் திருப்பி மாட்டிவிட்டு வந்தோம். கரண்ட் போனால் சமாளிக்கப் புத்தகத்தின் மேல் கவ்வுகிற சின்ன விளக்கு ஒன்றும் இப்போது வைத்திருக்கிறேன். என்னைக் கேட்டால் எந்தப் புத்தகம் என்று முடிவு செய்யும் முன் வெளிச்சத்துக்கு வழி பண்ணவேண்டும். பொடி எழுத்தில் அச்சடித்த புத்தகம் பகலில் சரிப்படும், ராத்திரி அந்த ஊரில் நடக்காது.

அடுத்தது கை. நான் எந்தக் கதையிலும் படிக்காத விஷயம் இது. கம்பளிக்குள் படுத்துக்கொண்டு படித்தால் புத்தகத்தைப் பிடிக்கிற கை வெளியே இருந்தாக வேண்டும். பத்து நிமிஷத்தில் விரல் மரத்துவிடும். அப்புறம் அந்தக் கையை உள்ளே இழுத்துக்கொண்டு மற்றக் கையை வெளியே விடவேண்டும். கையுறை போட்டால் பக்கம் புரளாது. ஆகவே கம்பளிக்குப் போகும் புத்தகம் ஒரு கையால் பிடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். என் அளவு இதுதான்: 200 பக்கத்துக்குள், மெல்லிய அட்டை, விரித்தால் விரிந்து நிற்கிற கட்டு. கெட்டி அட்டைத் தடியன்களைப் பகலில் மேஜைமேல் வைத்துப் படிக்கலாம். கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்து, நடுவில் விரித்து, கட்டை விரலையும் சுண்டு விரலையும் கொடுத்து ஒரு நிமிஷம் அப்படியே நிற்பேன். கடைக்காரப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்த்துவிட்டுப் போகட்டும். முதுகில் பசை மட்டும் போட்டு ஒட்டிய மலிவுப் பதிப்புகளில் இன்னொரு வம்பு உண்டு. குளிரில் பசை விறைத்திருக்கும்போது அழுத்தி விரித்தால் படக்கென்று முதுகு பிளந்து தாள் தனித்தனியாக வந்துவிடும். நூல் போட்டுத் தைத்தது கிடைத்தால் விடாதீர்கள்.

ஈரத்தையும் சொல்லிவிடுகிறேன். மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் ஜன்னல் திறந்த அறைக்குள் நேராக நுழைந்துவிடும். மேஜையில் விட்டுவைத்த புத்தகம் மறுநாள் அப்பளம்போல் வளைந்து கிடக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்கலாமே என்றால், நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, வழியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பழைய பருத்திப் புடவைத் துண்டில் சுற்றித் துணிமணிகளுக்கு நடுவே வைத்தால் ஒன்றும் ஆகாது. வர்க்கி தின்றுகொண்டே படிப்பதைப் பற்றி நான் அறிவுரை சொல்லப்போவதில்லை. அதன் தூள் பக்கங்களுக்கு நடுவே போய் உட்காரும், நாலு வருஷம் கழித்தும் உதிரும். என் புத்தகங்களில் எது மலைக்குப் போய்வந்தது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

2023 ஜனவரியில் இரண்டாம் முறை கிளம்பும்போது புத்தகம் எடுப்பதற்கு முன் கணக்குப் போட்டோம். நான் நிதானமாகப் படித்தால் மணிக்கு முப்பது பக்கம். மலையில் சமையல், வெயில் காய்தல், மதியத் தூக்கம், வேடிக்கை எல்லாம் போக ஒரு நாளில் உண்மையாகப் படிப்பது மூன்று மணி நேரம்கூடத் தேறாது. நாளுக்கு எண்பது பக்கம் என்று வைத்தால் நாலு நாளைக்கு 320. அதாவது இரண்டு சின்னப் புத்தகம். பயத்துக்கு ஒன்று சேர்த்து மூன்று. ஒன்பது எங்கே, மூன்று எங்கே! மூன்றுதான் என்று ஆனபிறகு ஒவ்வொன்றையும் நாங்கள் பெண் பார்க்கிற மாதிரி பார்த்துத் தேர்ந்தெடுத்தோம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. கதகதப்பு கதையில் இல்லை, சொல்கிற குரலில் இருக்கிறது. 'வெண்ணிற இரவுகள்' இதமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். யாரோ நம்மை மதித்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் சொல்கிறார்கள் என்ற உணர்ச்சி வரவேண்டும். கதையில் கெட்டது நடந்தாலும் பரவாயில்லை. அக்கா இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு நல்லதாக முடிகிற கதை வேண்டும். "ராத்திரி தூக்கம் வரணும்ல?" அவளை மடக்க நான் எடுத்துக்காட்டிய புத்தகம் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. ஆரம்பமே கொலை. தனியாக நடந்துவரும் ஒரு பெண்ணை நகைக்காகத் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறான் ஒருவன். கேட்டால் நடுங்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஊரும், அந்த வீட்டு மனிதர்களும், நூறு வயதைத் தாண்டிய பாட்டி தன் கூட்டத்தார் தெலுங்கு தேசத்திலிருந்து ஓடிவந்த கதையைச் சொல்வதுமாகப் போகும்போது, நாம் அந்தத் திண்ணையில் ஒருத்தியாக உட்கார்ந்துவிடுவோம். அக்கா முதல் அத்தியாயத்தில் முகம் சுளித்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் புத்தகம் அவள் தலையணைக்கு அடியில் இருந்தது.

அதில் இன்னொரு லாபமும் இருந்தது, அதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கரிசல் வெயிலைக் குளிரில் உட்கார்ந்து படிப்பது ஒரு தனி ருசி. வெடித்த மண், சுள்ளென்ற காற்று, வியர்வை என்று வர வர உடம்பே கொஞ்சம் சூடாகிற மாதிரி இருந்தது. பனி ஊரில் பனிக்கதை வேண்டும் என்று அலைந்தேனே, பனிதான் ஜன்னலுக்கு வெளியே இலவசமாகக் கிடைக்கிறதே! பைக்குள் கொண்டுபோகவேண்டியது வெயிலை. மூன்றாம் முறை போனபோது சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யைக் கொண்டுபோனதும் இந்த நினைப்பில்தான். தலைக்காவிரியிலிருந்து பூம்புகார்வரை ஆற்றோடு கூடவே போகிற பயணம் அது. கொஞ்சம் படிப்பேன், மூடிவிட்டு எங்கள் ஊர்ப் படித்துறையை நினைத்துக்கொள்வேன், மறுபடி திறப்பேன். எங்கே விட்டோம் என்று தேடவேண்டிய புத்தகம் இல்லை, எங்கே திறந்தாலும் ஆறு ஓடிக்கொண்டிருக்கும். வெயில் காய உட்காரும் காலை நேரத்துக்கு இப்படிப்பட்ட புத்தகம்தான் லாயக்கு. கண் சொக்கினாலும் கதை நழுவிவிடாது.

கடையில் குரலை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதல் பக்கத்தை நம்புவதில்லை. முதல் பக்கத்தை எழுத்தாளர்கள் சீவிச் சிங்காரித்து அனுப்பிவிடுவார்கள். நடுவில் எங்காவது திறந்து இரண்டு பக்கம் நின்றபடியே படிக்கிறேன். முன்கதை தெரியாமலே அந்த இரண்டு பக்கம் என்னை நிற்க வைத்தால் சரி. அதில் யாராவது சாப்பிட்டுக்கொண்டோ, ஊர்வம்பு பேசிக்கொண்டோ இருந்தால் ரொம்பச் சரி. மூன்றாவது வரியில் என் கண் கடிகாரத்துக்குப் போனால் கீழே வைத்துவிடுகிறேன், எவ்வளவு பெரிய விருது வாங்கியிருந்தாலும்.

மதியத்துக்கு வேறு மாதிரி புத்தகம் வேண்டும். சோறு உண்டபின் கம்பளிக்குள் போனால் அரை மணிக்கு மேல் விழித்திருக்க முடியாது. அதற்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. அசட்டு அதிர்ஷ்டத்தாலேயே வழக்குகளை முடிக்கிற மனிதர். தனித்தனிக் கதைகள், ஒன்று முடிந்தால் தூங்கிவிடலாம். இதை நாங்கள் மாற்றி மாற்றி உரக்கப் படித்தோம். சிறுவயதில் அப்பா வாரப் பத்திரிகையை அப்படித்தான் எங்களுக்குப் படித்துக்காட்டுவார். உரக்கப் படிப்பதில் ஒரு வசதி இருக்கிறது, ஒருத்தியின் கைதான் வெளியே இருக்கவேண்டும், மற்றவள் கழுத்துவரை போர்த்திக்கொள்ளலாம். யார் முறை என்று சண்டை வந்ததும் அதனால்தான்.

அந்த 2023 பயணத்தின் மூன்றாவது புத்தகம், ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்'. மின்வாரியப் பொறியாளரான கணவரோடு நீலகிரியின் குந்தாவில் குடியிருந்தபோது, அந்த மலையில் வாழும் படகர் மக்களின் ஊர்களுக்கு நேரில் போய்ப் பழகி அவர் எழுதிய நாவல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதை வைத்துக் காலத்தை எண்ணிக்கொண்டு போகிறது. மாடும் சாமையும் ராகியுமாக இருந்த மலை, தேயிலைக்கும் அணைக்கும் மின்சாரத்துக்கும் மாறுகிறது. ஒரே வீட்டுக்குள் சிலருக்கு அது வரமாகவும் சிலருக்குச் சாபமாகவும் ஆகிறது.

முதல் முறை சூடுபட்டவள் என்பதால் இருக்கும் இடத்தைப் பற்றிய புத்தகத்தை எடுக்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இது என்னை ஜன்னலிலிருந்து விரட்டவில்லை, கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனது. இதிலும் துக்கம் இருக்கிறது, ஆனால் துக்கத்துக்கு முன்னால் வீடு இருக்கிறது, மந்தை இருக்கிறது, பால் கறக்கிற சத்தம் இருக்கிறது. மறுநாள் கடைத்தெருவுக்கு நடந்தபோது வழியெல்லாம் வெள்ளை உடுத்திய கூட்டம். படகர்களின் தெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போகிறவர்கள். முதல் முறை பார்த்திருந்தால் போன் எடுத்துப் படம் பிடித்திருப்பேன். இப்போது, இந்தப் பாட்டி எத்தனை குறிஞ்சி கண்டவளாக இருப்பாள் என்று எண்ணிக்கொண்டே ஓரமாக நின்றேன். 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030. அதற்குள் இன்னும் எத்தனை முறை அக்காவும் நானும் இந்த மலை ஏறுவோமோ தெரியாது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருந்தபோதே அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன, கல்கியுடையதும் நாட்டுடைமைதான். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் ஒரே நாவல் பல பதிப்புகளில், பல விலைகளில் கிடைக்கும். விலையை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்று பதிப்பைத் திறந்து எழுத்தின் அளவையும் தாளின் நிறத்தையும் பாருங்கள். சில மலிவுப் பதிப்புகளில் ஒரு பக்கத்தில் நாற்பது வரிக்குமேல் அடைத்திருப்பார்கள், அச்சுப் பிழையும் தாராளம். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன, போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். நான் இறக்கி வைத்திருக்கிறேன், ஆனால் போனில் படிக்கப்போய் வாட்ஸ்அப்பில் முடியாத நாள் எனக்கு இன்னும் வரவில்லை.

பஸ்ஸில் படிக்கலாம் என்று எதையும் மேலே வைக்காதீர்கள். மேட்டுப்பாளையம் தாண்டினால் வளைவுக்கு மேல் வளைவு. முதல் முறை பத்து நிமிஷம் குனிந்து படித்துவிட்டு, வழி முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போனேன்.

மூன்றாம் முறை போனது சென்ற டிசம்பரில். அதே வீடு, அதே அண்ணன். முந்தைய முறை கிளம்பும்போது அவர் மனைவி 'குறிஞ்சித்தேன்' அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இப்போது அது காலண்டர் தாளில் அட்டை போட்டு, டி.வி. மேல் இருந்தது. அவர்கள் மகள், மகளின் மாமியார், பக்கத்து ஹட்டியில் (படகர் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) ஒரு வாத்தியார் என்று ஆறேழு பேர் படித்துவிட்டார்களாம். அதில் வருகிற சில வழக்கங்கள் தங்கள் ஊரில் வேறு மாதிரி என்று வாத்தியார் பென்சிலில் ஓரத்தில் எழுதியே வைத்திருந்தார்.

அண்ணன் விறகை அடுக்கிக்கொண்டே கேட்டார்: "எழுதினவங்க எந்த ஊருங்கம்மா?"

"முசிறியில பிறந்தவங்கண்ணா. எங்க திருச்சிப் பக்கம், காவேரிக்கரை."

"முசிறி குளிருமா?"

"எங்கண்ணா! மார்கழியிலகூட ஃபேன் வேணும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு கட்டையைக் கணப்பில் வைத்துவிட்டு, "இருந்தாலும் குளிரை நல்லா எழுதியிருக்காங்க" என்றார்.